எல்லோருக்காகவும் ஜெபித்தவருக்கே சுகம் வரவில்லை: டோனாவூர் ஏமி கார்மைக்கேல் கதை நமக்கு ஏன் முக்கியம்?

உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை ஒரு நிமிடம் மேலே தள்ளிப் பாருங்கள். யாருக்கோ ஆபரேஷன், யாருக்கோ ஐ.சி.யூ., அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் எமோஜி. மூணாறுக்குப் பக்கத்தில் மாட்டுப்பட்டி எஸ்டேட் லயத்தில் இருக்கும் பாட்டியும் ஜெபிக்கிறார், சென்னை ஓ.எம்.ஆர். அப்பார்ட்மென்ட்டில் இருக்கும் பேத்தியும் ஜெபிக்கிறார். சுகம் கிடைத்தால் சாட்சி சொல்கிறோம். கிடைக்கவில்லை என்றால்?

அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. விசுவாசம் போதவில்லை, ஏதோ பாவம் மறைந்திருக்கிறது, மாத்திரை சாப்பிட்டதே நம்பிக்கைக் குறைவு என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். ஏற்கெனவே வலியில் கிடக்கும் ஆளுக்கு அது இன்னொரு வலி.

இந்தக் கேள்வியைத் தன் உடம்பிலேயே சுமந்த ஒருவர் நம்ம திருநெல்வேலிப் பக்கம் வாழ்ந்தார். 55 வருடம் இந்தியாவில் இருந்தார். அதில் கடைசி 19 வருடம் 3 மாதம் பெரும்பாலும் ஒரே அறைக்குள். கணக்குப் போட்டால், அவருடைய இந்திய வாழ்க்கையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அவர் பெயர் ஏமி கார்மைக்கேல். டோனாவூர் பிள்ளைகளுக்கு அவர் அம்மா.

சுருக்கமாக ஒரு காலக்கோடு

- 1867 டிசம்பர் 16: வட அயர்லாந்தின் மில்லைல் கிராமத்தில் பிறப்பு
- 1893: மிஷனரியாக ஜப்பான் பயணம்
- 1895: இந்தியா வருகை. அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பவே இல்லை
- 1901: கோயிலிலிருந்து தப்பி வந்த 7 வயது பிரீனா அடைக்கலம், அதே வருடம் டோனாவூர்
- 1915: நெருங்கிய சக ஊழியர் பொன்னம்மாள் மரணம்
- 1931 அக்டோபர் 24: களக்காட்டில் விபத்து
- 1951 ஜனவரி 18: டோனாவூரில் மரணம், வயது 83

முதல் ஜெபத்துக்கே 'இல்லை'

ஏமியைப் பற்றி அதிகம் சொல்லப்படும் கதை அவர் குழந்தையாக இருந்தபோது நடந்தது. அவருக்குப் பழுப்புக் கண். அம்மாவுக்கு நீலக் கண். அம்மா மாதிரியே வேண்டும் என்று ராத்திரி ஜெபித்துவிட்டுத் தூங்கினார். காலையில் எழுந்து, நாற்காலியில் ஏறிக் கண்ணாடி பார்த்தால் அதே பழுப்புக் கண். ஜெபத்துக்கு 'இல்லை' என்பதும் ஒரு பதில்தான் என்று அன்றைக்கு அவருக்குச் சொல்லித் தந்தார்கள்.

பல வருடம் கழித்து, சேலை கட்டி, தோலில் காபி நிறம் பூசிக்கொண்டு, கோயில்களில் பெண் குழந்தைகளின் நிலையைத் தெரிந்துகொள்ளப் போனபோது அந்தப் பழுப்புக் கண்தான் அவரைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியது என்று இந்தக் கதை முடியும். ஞாயிறு பள்ளிகளில் சொல்ல வசதியான முடிவு. ஆனால் ஏமியின் வாழ்க்கையில் எல்லா 'இல்லை'களும் இவ்வளவு அழகாக முடியவில்லை. அதனால்தான் அவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

மெடிக்கல் டெஸ்டில் ஃபெயில்

ஏழு பிள்ளைகளில் மூத்தவர் ஏமி. குடும்பத்துக்குச் சொந்தமாக மாவு மில் இருந்தது. 1885-ல் அப்பா இறந்துவிட்டார். பெல்ஃபாஸ்ட் நகரில், தொப்பி வாங்கக் காசில்லாமல் சால்வையால் தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போன மில் தொழிலாளிப் பெண்களுக்காக ஏமி ஊழியம் ஆரம்பித்தார். 20 வயதைக் கொஞ்சம் தாண்டியபோதே அவர்களுக்கென்று ஒரு பெரிய தகரக் கூடம் எழும்பியது.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. நரம்புவலி வந்தால் நாள்கணக்கில் படுக்கைதான். சீனாவுக்குப் போக விண்ணப்பித்தார். மருத்துவப் பரிசோதனையில் தகுதி இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். 1893-ல் ஜப்பான் போனார். அங்கே மட்சுயே ஊரில், நரி ஆவி பிடித்தவர் என்று அக்கம்பக்கத்தார் சொன்ன ஒருவருக்காக ஜெபித்ததையும் அவர் அமைதியடைந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். ஜெபத்தால் சுகம் வரும் என்பதை அவர் நம்பினார், இதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதே ஜப்பானில் அவருடைய தலைவலி தீரவில்லை. சுமார் 15 மாதத்தில் அங்கிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. இலங்கையில் கொஞ்ச நாள், திரும்ப இங்கிலாந்து, கடைசியில் 1895-ல் இந்தியா. பெங்களூர் வந்த புதிதிலேயே டெங்கு காய்ச்சல்.

இன்றைய எச்.ஆர். யாரும் இந்த மெடிக்கல் ஹிஸ்டரியைப் பார்த்து வெளிநாட்டு வேலைக்கு அனுப்பமாட்டார்கள். அப்படிப்பட்டவர் 55 வருடம் ஒரு விடுமுறைகூட எடுத்து ஊருக்குப் போகாமல் இங்கேயே இருந்தார்.

டோனாவூர் எப்படி வந்தது?

தமிழ் கற்றுக்கொள்ளத் திருநெல்வேலி வந்தார் ஏமி. அங்கே மிஷனரி தாமஸ் வாக்கர் அவருக்கு வழிகாட்டி. பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். அந்தக் குழுவில் இருந்தவர்தான் பொன்னம்மாள் என்ற இளம் விதவை. இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1901 மார்ச்சில் பெருங்குளம் கோயில் தொடர்பான வீட்டிலிருந்து தப்பிய பிரீனா என்ற 7 வயதுச் சிறுமி பண்ணைவிளையில் ஏமியிடம் வந்து சேர்ந்தாள். அதற்கு முன் ஒருமுறை அம்மாவிடம் ஓடியவளைத் திருப்பி அனுப்பி, தண்டனையாகக் கையில் சூடு வைத்திருந்தார்கள். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை ஏமி முதன்முதலில் நெருக்கமாகப் பார்த்தது இந்தக் குழந்தையின் வாயிலாகத்தான். அந்த வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம், முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் வந்தது.

அதே 1901-ல் டோனாவூர் அவருடைய இருப்பிடமானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம், களக்காட்டுக்குப் பக்கம். தேவாலயம் கட்டப் பணம் தந்த டோனா என்ற ஜெர்மன் பிரபுவின் பெயர்தான் ஊருக்கு. 1913-க்குள் அங்கே 130 குழந்தைகள். 1918-லிருந்து ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

மருத்துவர் இல்லாத நர்சரி

சரி, இத்தனை குழந்தைகள் இருந்தார்களே, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால்? டோனாவூரில் அப்போது மருத்துவர் கிடையாது. குமரிப் பக்கம் நெய்யூரில் இருந்த லண்டன் மிஷன் மருத்துவமனைக்கு மாட்டு வண்டியில் போக வேண்டும். கைக்குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய பயணம் என்று யோசித்துப் பாருங்கள்.

1904-லிருந்து பச்சிளம் குழந்தைகள் வர ஆரம்பித்தன. தாய்ப்பால் இல்லாமல் வந்த குழந்தைகள். முதலில் வந்தவர்களில் சிலர் பிழைக்கவில்லை. இந்திரநீலா என்று பெயர் வைத்த குழந்தை 1905 ஜனவரியில் இறந்தது. ஒவ்வொரு குழந்தைக்காகவும் அங்கே ஜெபித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அடுத்து ஏமி என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். ஜெபத்தைக் கூட்டியதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மருத்துவமனை இருக்கும் நெய்யூரிலேயே ஒரு நர்சரி திறந்து, பொன்னம்மாளை அதற்குப் பொறுப்பாக்கினார். குழந்தையை மருத்துவரிடம் கொண்டுபோக முடியாவிட்டால், குழந்தைகள் இருக்கும் இடத்தையே மருத்துவருக்குப் பக்கத்தில் மாற்றிவிடுவது. விசுவாசமா மருத்துவமா என்ற கேள்வி அவர் மனதில் எழுந்ததாகவே தெரியவில்லை.

அங்கேயும் வயிற்றுப்போக்கு நோய் பரவிப் பல குழந்தைகள் இறந்தன. பிறகு நர்சரி டோனாவூருக்கே திரும்பியது.

பொன்னம்மாள்: எண்ணெய் பூசி ஜெபித்த நாள்

1913-ல் பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. நாகர்கோவிலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஏமி கூடவே இருந்தார். நோய் முழுதாக நீங்கவில்லை.

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபத்தில் ஒரு வழிமுறை உண்டு: நோயாளிக்கு எண்ணெய் பூசி, சபையார் கூடி ஜெபிப்பது. சுகமளிக்கும் கூட்டங்களில் இன்றும் அதிகம் எடுத்துக்காட்டப்படும் பகுதி இதுதான். டோனாவூரிலும் அதை அப்படியே செய்தார்கள். வெள்ளைச் சேலை உடுத்திப் படுக்கையைச் சுற்றி நின்றார்கள். வெற்றியின் அடையாளமாகக் கட்டிலின் குறுக்கே ஒரு குருத்தோலையை வைத்தார்கள். கேட்டது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வரும் பதிலை ஏற்றுக்கொள்கிறோம் என்ற மனதோடு ஜெபித்தார்கள்.

அன்றிலிருந்து பொன்னம்மாளின் வலி கூடியது. 1915 ஆகஸ்ட் 26-ல் இறந்தார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். முறையில் குறை இல்லை. கூட இருந்தவர்களின் விசுவாசத்திலும் குறை சொல்ல முடியாது. இரவு பகலாக மற்றவர்களின் குழந்தைகளைக் காப்பாற்றிய பெண்ணின் வாழ்க்கையில் என்ன பாவத்தைத் தேடுவீர்கள்? விசுவாசம் இருந்தால் நிச்சயம் சுகம் என்ற கணக்கு இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்காது. ஏமிக்கு அது புரிந்தது. பொன்னம்மாளைப் பற்றிப் பிறகு ஒரு புத்தகமே எழுதினார். அதில் அவரைத் தோற்றுப்போன நோயாளியாகக் காட்டவில்லை.

பரம சுக சாலை

ஜெபம் கைவிட்டது என்று ஒதுங்கியவர்களும் உண்டு, மருத்துவம் கைவிட்டது என்று ஒதுங்கியவர்களும் உண்டு. டோனாவூர் இரண்டையும் விடவில்லை. 1920-களில் மே பவல், மர்ரே வெப்-பெப்லோ ஆகிய மருத்துவர்கள் வந்து சேர்ந்தார்கள். அடுத்த சில வருடங்களில் முறையான மருத்துவமனை ஒன்று எழும்பியது. அதற்கு வைத்த பெயர் பரம சுக சாலை. சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் எந்த மதமானாலும் அங்கே வரலாம்.

அங்கே ஆபரேஷன் தியேட்டரும் உண்டு, ஜெபிக்க இடமும் உண்டு. இதைக் கட்டப் பணம் கேட்டு ஏமி யாருக்கும் வேண்டுகோள் விடவில்லை. நிதி திரட்டுவதில்லை, ஊழியர்களுக்குச் சம்பளம் என்று எதுவும் இல்லை என்பது டோனாவூர் ஐக்கியத்தின் கொள்கை. தேவை இருந்தால் ஜெபிப்பார்கள், வருவதை வைத்து நடத்துவார்கள்.

1931 அக்டோபர் 24

களக்காட்டில் ஒரு சின்ன மருந்தகம் தொடங்க வீடு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அது தயாராகிவிட்டதா என்று பார்க்க ஏமி போனார். பொழுது சாய்ந்த நேரம். கழிப்பறைக்காகத் தோண்டிய குழி, இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. இருட்டில் அதற்குள் விழுந்தார். காலெலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகிலும் அடி.

அன்று காலையில்தான், இன்னும் நன்றாக ஊழியம் செய்ய உதவுமானால் என்ன வேண்டுமானாலும் எனக்குச் செய்யும் என்று அவர் ஜெபித்திருந்தார். இதை எப்படிப் புரிந்துகொள்வது என்பது உங்கள் நம்பிக்கையைப் பொறுத்தது. குழியை யாரோ தவறான இடத்தில் தோண்டினார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் பொதுவான உண்மை.

வண்டியில் நெய்யூருக்குக் கொண்டுபோனார்கள். எவரெஸ்ட் பயணங்களில் பங்கெடுத்த அறுவை சிகிச்சை நிபுணர் ஹோவர்ட் சோமர்வெல் பணியாற்றிய மருத்துவமனை அது. அந்தக் காலத்துத் தென் திருவிதாங்கூரில் கிடைக்கக்கூடிய நல்ல சிகிச்சை. சில வாரத்தில் எழுந்துவிடுவார் என்று எல்லோரும் நம்பினார்கள். அப்போது அவருக்கு 63 வயது.

வாரங்கள் மாதங்களாயின, மாதங்கள் வருடங்களாயின. முதுகுவலி, மூட்டுவலி, நரம்புவலி, தூக்கமின்மை என்று ஒன்றின் மேல் ஒன்று சேர்ந்தது. டோனாவூரே கூடி அவருக்காக ஜெபித்தது. வலி தணிந்து தூங்கிய இரவுகள் வந்தன, பிறகு வலி திரும்பவும் வந்தது. பரம சுக சாலையைக் கட்டியவர் அதன் மிக நீண்ட கால நோயாளி மாதிரி ஆகிவிட்டார்.

அறைக்குள் இருந்து என்ன செய்தார்?

எழுதினார். ஏறத்தாழ 35 புத்தகங்கள் எழுதியவர் அவர். அதில் பத்துக்கும் மேற்பட்டவை விபத்துக்குப் பிறகு வந்தவை. நமக்கு முக்கியமானது 1933-ல் வந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்'.

அந்தப் புத்தகம் எப்படி வந்தது என்பது சுவாரஸ்யம். படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆறுதல் சொல்லும் பக்தி நூல்கள் அவருக்கும் வந்து குவிந்தன. அவற்றில் பல மனதில் ஒட்டவில்லை. காரணம், எழுதியவர்கள் நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்கள். நலமாக இருப்பவர் நோயாளிக்குச் சொல்வதும், நோயாளி இன்னொரு நோயாளிக்குச் சொல்வதும் ஒன்றில்லை என்று அவர் உணர்ந்தார். வலி இருக்கும்போதே, அது போவதற்கு முன்பே எழுதினார்.

அவருடைய நிலைப்பாட்டை நம்ம மொழியில் இப்படித் தொகுக்கலாம்: சுகத்துக்காகக் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். மருத்துவரிடமும் போங்கள். சுகம் வராவிட்டால் நோயாளியிடம் காரணம் தேடாதீர்கள். அவர் அடிக்கடி திரும்பிப் போன இடம் பைபிளில் பவுலின் கதை. உடம்பில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்று முறை வேண்டினார், முள் போகவில்லை. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று எந்தச் சபையும் சொல்வதில்லையே!

1948 ஜூனில் அறைக்குள்ளேயே திரும்ப ஒருமுறை விழுந்தார். கையும் இடுப்பும் முறிந்தன. அதன் பிறகு படுக்கையை விட்டு எழ முடியவில்லை. 1951 ஜனவரி 18-ல் இறந்தார். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டி வைத்து, அம்மை என்று மட்டும் பொறித்தார்கள்.

விமர்சனம் இல்லையா?

உண்டு. 1903-ல் வந்த அவருடைய 'திங்ஸ் ஆஸ் தே ஆர்' இந்து சமூகத்தை இருட்டாகவே காட்டுகிறது என்ற விமர்சனம் இன்றும் இருக்கிறது. காலனி ஆட்சிக் கால மிஷனரியின் பார்வை அது. மிஷன் வெற்றிக் கதைகளை மட்டுமே எதிர்பார்த்த சில சக மிஷனரிகளுக்கும் அந்தப் புத்தகம் பிடிக்கவில்லை. அவரைத் திருப்பி அழைக்க வேண்டும் என்றுகூட இந்தியாவில் குரல் எழுந்தது. டோனாவூர் நிர்வாகம் அவர் ஒருவரைச் சுற்றியே இருந்தது, கட்டுப்பாடு அதிகம் என்றும் சொல்வார்கள். வலியை ஏற்றுக்கொள்வதைப் பற்றி அவர் எழுதியதை, சிகிச்சை கேட்காமல் பொறுத்துக்கொள் என்று யாராவது உங்களிடம் சொல்லப் பயன்படுத்தினால், மருத்துவமனை கட்டியவரும் அவர்தான் என்று ஞாபகப்படுத்துங்கள்.

டேட்டா என்ன சொல்கிறது?

ஜெபத்தின் பலனை அளக்க முடியுமா என்று பார்த்த ஆய்வுகளில் பெரியது 2006-ல் அமெரிக்காவில் வெளியானது. ஹெர்பர்ட் பென்சன் தலைமையில், 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் சிக்கல் வந்தவர்களின் விகிதம் இது:

- ஜெபம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று சொல்லப்பட்டு, ஜெபம் செய்யப்பட்டவர்கள்: 52%
- அதேபோல் சொல்லப்பட்டு, ஜெபம் செய்யப்படாதவர்கள்: 51%
- உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறோம் என்று சொல்லி ஜெபம் செய்யப்பட்டவர்கள்: 59%

முன்பின் தெரியாதவர்கள் செய்த ஜெபம் முடிவை மாற்றவில்லை. மூன்றாவது குழுவில் எண் ஏன் கூடியது என்பதற்கு உறுதியான விளக்கம் இல்லை. ஜெபம் தேவைப்படும் அளவுக்கு நிலைமை மோசமா என்ற பதற்றம் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் யூகித்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: கடவுள் இருக்கிறாரா என்பதையோ, பொன்னம்மாளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவர்களின் அன்பையோ இந்த ஆய்வு அளக்கவில்லை. சுகம் வந்ததா என்பதை வைத்து ஒருவரின் விசுவாசத்துக்கு மார்க் போடக் கூடாது என்பதற்கு இந்த எண்கள் போதும்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 1954-ல் வந்த மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், தாயத்து, மந்திரம் போன்ற மாய வழிகளில் புற்றுநோய், நீரிழிவு போன்ற நோய்கள் குணமாகும் என்று விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அதன் பட்டியலில் 54 நோய்கள் இருக்கின்றன. ஜெபிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

அடுத்த முறை குரூப்பில் மெசேஜ் வரும்போது

நீங்கள் நம்பிக்கை உள்ளவராக இருந்தால் ஜெபியுங்கள். இல்லாதவராக இருந்தால் நலம் விசாரியுங்கள். இரண்டு பேரும் செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன: ரத்தம் தேவையா என்று கேட்பது, இன்சூரன்ஸ் பேப்பரைச் சரிபார்ப்பது, மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆளிடமிருந்து நோயாளியைக் காப்பது, ராத்திரி துணைக்கு இருப்பது. ஏமி அந்தப் பச்சிளம் குழந்தைகளுக்கும் பொன்னம்மாளுக்கும் செய்தது இதைத்தான், ஜெபத்தோடு சேர்த்து.

சுகம் தாமதமானால், அல்லது வரவே இல்லை என்றால், உனக்கு விசுவாசம் போதவில்லை என்ற அந்த வரியை மட்டும் டைப் பண்ணாதீர்கள். டோனாவூரில் 19 வருடம் வலியோடு ஜெபித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அதைச் சொல்ல நமக்கு வாய் வருமா?